கார் வேலைக்கு கார்ட்லெஸ் இம்பாக்ட் ரெஞ்ச், எது வாங்கலாம்?

வணக்கம் மக்களே, வீட்லயே டயர் மாத்துறது, பிரேக் பேட், கொஞ்சம் சஸ்பென்ஷன் வேலைன்னு பண்றேன், அதுக்கு அரை இன்ச் (சாக்கெட் மாட்டுற முனையோட சைஸ்) கார்ட்லெஸ் இம்பாக்ட் ரெஞ்ச், அதாவது தட்டித் தட்டி சுத்தி நட்டு கழட்டுற பேட்டரி மிஷின் ஒண்ணு வேணும். சின்ன கார்ல வீல் நட்டு டைட் 100 நியூட்டன் மீட்டர் (திருகுற விசையோட அளவு) பக்கம்தான், ஆனா துருப்பிடிச்சு இறுகிப்போனா கழட்ட அதவிட ரொம்ப அதிகம் வேணும்ல, அதனால பாக்ஸ்ல இருக்க பெரிய நம்பர் டைட் பண்றதுக்கா கழட்டுறதுக்கான்னு பாத்துட்டு இருக்கேன். மகிட்டா டிடிடபிள்யூ300ல டைட் 330, கழட்ட 580 போட்டிருக்கு. சஸ்பென்ஷன் போல்ட்டுக்கு இது பத்துமா, யூஸ் பண்றவங்க சொல்லுங்க. இல்ல போஷ் போலாமா? ஒரு கம்பெனி பேட்டரி இன்னொரு கம்பெனி மிஷின்ல சேராது, அதான் இவ்ளோ யோசனை. பிரஷ்லெஸ் மோட்டார் (கார்பன் பிரஷ் இல்லாதது) கண்டிப்பா வேணும். கடைசி டைட் டார்க் ரெஞ்ச்லதான் (சரியான அளவுக்கு டைட் பண்ற கை ஸ்பேனர்) வைப்பேன். நல்ல இம்பாக்ட் சாக்கெட் செட்டும் சொல்லுங்க, குரோம் சாக்கெட் வேண்டவே வேண்டாம், உடைஞ்சு தெறிச்சா கண்ணு போயிரும்.