வீட்ல ஆப்பிள் டார்ட்: அடிப்பக்கம் சொதசொதன்னு ஆகாம செஞ்ச அனுபவம் சொல்லுங்க

ஆப்பிள் டார்ட்னு (மைதா மாவு ஓட்டுல ஆப்பிள் அடுக்கி ஓவன்ல சுடறது) பேச்சு வந்தாலே எல்லாரும் மேல பூ மாதிரி அடுக்கறது எப்படின்னு தான் கேக்கறாங்க, எனக்கு அதெல்லாம் ரெண்டாம்பட்சம். ஒரு துண்டு வெட்டி கைல தூக்கினா அடி தொங்காம நிக்கணும், கடிச்சா நொறுங்கணும், அது இருந்தா தான் டார்ட். ஆப்பிள்ல எண்பது சதவீதத்துக்கு மேல தண்ணி தாங்க, சூடு ஏறினதும் அவ்ளோவும் வெளிய வந்துரும், கீழ இருக்கற மாவு பாவம் அத்தனையும் குடிச்சாகணும். அதனால நான் பண்ற ஒவ்வொரு வேலையும் அந்த தண்ணிய மாவு பக்கம் விடாம பாத்துக்கறதுக்குத் தான்.

மாவுக்கு மைதா 250 கிராம், வெண்ணெய் 125 கிராம், ஒரு டேபிள்ஸ்பூன் சர்க்கரை, ஒரு சிட்டிகை உப்பு, ஐஸ் தண்ணி மூணு நாலு டேபிள்ஸ்பூன். வெண்ணெய் ஃப்ரிட்ஜ்லேர்ந்து எடுத்த கையோட சின்னச் சின்ன கட்டமா வெட்டி மைதால போட்டு விரல் நுனியால மட்டும் தேய்ங்க, உள்ளங்கை பட்டா அந்தச் சூட்லயே இளகிரும். மொத்தமும் பொடியாகணும்னு இல்ல, அங்கங்க பட்டாணி சைஸ்ல வெண்ணெய் கெடந்தா ரொம்ப நல்லது, ஏன்னா ஓவன்ல அது உருகி அதுக்குள்ள இருக்கற தண்ணி ஆவியாகி மாவ லேசா தூக்கி விடும், அந்த அடுக்கடுக்கான நொறுங்கல் அங்கேர்ந்து தான் வருது. தண்ணி கொஞ்சம் கொஞ்சமா தெளிச்சு, கைல அமுக்கினா சேந்து நின்னா போதும், அதோட நிறுத்திரணும். இத அழுத்திப் பிசையவே கூடாது, பிசையப் பிசைய மைதால இருக்கற க்ளூட்டன்ங்கற புரதம் இழுவையாகி கிரஸ்ட், அதாவது வெந்த மாவு ஓடு, கடிக்க முடியாம கெட்டியாயிரும். தட்டையா தட்டி மூடி ஃப்ரிட்ஜ்ல குறைஞ்சது அரை மணி நேரம், ஒரு மணி நேரம்னா இன்னும் நிம்மதி.

உருட்டும்போது பாருங்க, மாவுக்குள்ள மஞ்சளா வெண்ணெய் கோடு கோடா பளிங்குக்கல்லுல ஓடற மாதிரி தெரியும், அது தெரிஞ்சா எனக்கு பாதி கவலை போயிரும். ஓரம் வெடிச்சா பயப்படாதீங்க, ரெண்டு நிமிஷம் வெளிய வெச்சுட்டு மறுபடி உருட்டுங்க, வெடிச்ச எடத்த விரலால சேத்து விட்டா ஒட்டிக்கும்.

அப்புறம் டின்ல போட்டு, முள்கரண்டியால அடி பூரா குத்தி, பட்டர் பேப்பர் விரிச்சு, அடி உப்பாம இருக்க கனத்துக்கு காஞ்ச பயறு நிறைய கொட்டி 190 டிகிரி செல்சியஸ்ல பதினஞ்சு நிமிஷம். பேப்பரையும் பயறையும் எடுத்துட்டு இன்னொரு எட்டு பத்து நிமிஷம் சும்மா வேகவிடுங்க. வெள்ளையா ஈரமா மின்னினது போயி, தொட்டா காஞ்சு கரகரன்னு இருக்கணும். சூடா இருக்கும்போதே அடிச்ச முட்டை வெள்ளைய பிரஷ்ல மெல்லிசா தடவி ரெண்டு நிமிஷம் உள்ள தள்ளினா அது ஒரு பூச்சு மாதிரி பிடிச்சுக்கும், அதுக்கு மேல பாதாம் பொடி ரெண்டு ஸ்பூன் தூவிருவேன். ஆப்பிள் ஜூஸ அந்த பொடி வாங்கிக்கும், மாவு வரைக்கும் வராது.

*

பயறு வெச்சு வேகவைக்கறது பத்தி சொன்னது ரொம்ப சரிங்க. அதோட டின் எதுன்னும் பாருங்க, கண்ணாடி, பீங்கான் பாத்திரம்லாம் மெதுவா தான் சூடேறும், அடி சிவக்கறதுக்குள்ள ஆப்பிள் தண்ணி விட்டுரும். நான் கழட்டற அடி உள்ள மெட்டல் டின் தான் வெச்சுக்கறேன். ஓவன் சூடாகும்போதே உள்ள ஒரு கனமான ட்ரேய போட்டு வெச்சிருவேன், டார்ட் டின்ன அந்த கொதிக்கற ட்ரே மேலயே எறக்கினா அடிக்கு உடனே சூடு கிடைக்குது.

எனக்கு ஆப்பிள் தான் முக்கியம்னு தோணும். கிரானி ஸ்மித் மாதிரி புளிப்பா கெட்டியா இருக்கறது வெந்தாலும் வடிவம் மாறாம நிக்கும், கோல்டன் டெலிஷியஸும் நல்லா நிக்கும், இனிப்பும் உண்டு. மெக்கின்டாஷ் போட்டா கொழைஞ்சு கூழாயிரும், அது அடுக்கறதுக்கு இல்ல, அடில போடற மசியலுக்கு அருமை. நான் ரெண்டு வகையும் வாங்குவேன். கொழையறத கொஞ்சம் சர்க்கரை, எலுமிச்சை சாறு, பட்டைத்தூளோட அடுப்புல கெட்டியாகற வரைக்கும் கிளறி, கரண்டிய இழுத்தா பாத்திரத்தோட அடி தெரிஞ்சு வழி நிக்கற பதத்துல எறக்கி நல்லா ஆறவெச்சு அடில பரப்புவேன். அதுலேர்ந்த தண்ணி அடுப்புலயே போயிருச்சு இல்லையா, அதனால கிரஸ்ட்டுக்கு பாரமே இல்ல. அதுக்கு மேல தான் கெட்டி ஆப்பிள 3 மில்லிமீட்டர் கனத்துல சீவி ஒண்ணு மேல ஒண்ணு லேசா ஏறுற மாதிரி வெளி ஓரத்துலேர்ந்து நடுவுக்கு அடுக்கறது. எலுமிச்சை சாறு தடவினா சீவினது கறுக்காது, ஆனா சர்க்கரைய முன்னாடியே பிரட்டி வெச்சா தண்ணி விடும், அடுக்கி முடிச்சு ஓவன்ல வைக்கறப்ப மேல தூவுங்க போதும்.

*

எங்க வீட்ல டார்ட் செய்யறப்ப சுவர் எறங்கி டின்னுக்கு பாதி உயரத்துல நிக்கும். ஒருத்தங்க செய்யறத பக்கத்துல நின்னு பாத்தப்ப தான் புரிஞ்சுது, அவங்க மாவ இழுத்து டின் மூலைக்கு கொண்டு போகவே இல்ல, தூக்கி தளர்வா உள்ள விட்டு, மூலைல மெதுவா ஒக்கார வெச்சாங்க. இழுத்த மாவு சூடு பட்டதும் பழைய அளவுக்கே சுருங்கப் பாக்குமாம். டின்ல போட்டதுக்கு அப்புறமும் அரை மணி நேரம் ஃப்ரிட்ஜ்ல வெச்சு, அப்புறம் நேரா ஓவனுக்கு. அதுலேர்ந்து எங்க வீட்லயும் சுவர் நேரா நிக்குது, பாக்கவே சந்தோஷமா இருக்கு.

*

அடி ஈரமாகற பிரச்சனையே வேண்டாம்னா தார்த் தத்தான், அதாவது தலைகீழா சுட்டு கவுக்கற ஆப்பிள் டார்ட், பண்ணிப் பாருங்க ப்ளீஸ். பிரான்ஸ்ல லமோத்-பெவ்ரோன்ங்கற ஊர்ல ஹோட்டல் நடத்தின தத்தான் அக்கா தங்கச்சி ரெண்டு பேரோட பேர்ல வந்தது, 1880கள்ல நடந்ததுன்னு அதுக்கு ஒரு கதையே சொல்லுவாங்க. இதுல மாவு மேல மூடியா இருக்கும், ஆவி மேல போயி மாவு வழியா தப்பிச்சுரும், வெளிய எடுத்து கவுக்கற வரைக்கும் கிரஸ்ட் ஜூஸ தொடறதே இல்ல. கனமான வாணலில சர்க்கரையும் வெண்ணெயும் அடர் தேன் கலர் வர்ற வரைக்கும் காய்ச்சி, ஆப்பிள கால் காலா வெட்டி நெருக்கி நிக்க வெச்சு, அடுப்புலயே கொஞ்ச நேரம் விட்டு, மாவ மேல போர்த்தி ஓரத்த உள்ள சொருகிருங்க. நெருக்கமா வைக்கறது முக்கியம், வெந்ததும் ஆப்பிள் சுருங்கும், எடம் விட்டா கவுத்ததும் ஓட்டையா தெரியும். வெளிய எடுத்து அஞ்சு பத்து நிமிஷம் பொறுத்து கவுங்க, உடனே கவுத்தா கேரமல் கைல கொட்டி சுட்டுரும், ஆறவிட்டா வாணலிலயே ஒட்டிக்கும்.

*

மேல சொன்ன மசியல் யோசனை பிரமாதம், ஆறவெச்சு பரப்பறதுன்னு சொன்னீங்க பாருங்க, அத யாரும் விட்டுராதீங்க, சூடா ஊத்தினா அது வரைக்கும் பண்ண வேலை அத்தனையும் வீண்.

கடைசியா பளபளப்புக்கு நான் ஆப்ரிகாட் ஜாம் ரெண்டு ஸ்பூன் ஒரு ஸ்பூன் தண்ணில சூடாக்கி வடிகட்டி, டார்ட் வெளிய வந்ததும் பிரஷ்ல தடவுவேன். ஆப்பிள் ஓரம்லாம் லேசா கருகினாப்ல சிவந்து, நடுவுல ஜூஸ் கொப்பளிச்சா தான் வெந்துச்சுன்னு அர்த்தம், நேரத்த மட்டும் நம்பாதீங்க, ஓவனுக்கு ஓவன் மாறும். டின் மேல அப்படியே விட்டா அடில வேர்த்துரும், கம்பித்தட்டுல தூக்கி வைங்க. மிச்சம் இருந்தா மறுநாள் மைக்ரோவேவ்ல வேண்டாம், மெத்துன்னு ஆயிரும், 160 டிகிரில பத்து நிமிஷம் ஓவன்ல வெச்சு எடுத்தா மறுபடி மொறுமொறுன்னு இருக்கும்.