சென்னை – பலாலி: 355 கிலோமீட்டருக்கு ஏன் ஒன்றேகால் மணி நேரம்?

சென்னை மீனம்பாக்கத்துக்கும் யாழ்ப்பாண விமான நிலையமான பலாலிக்கும் வான்வழித் தூரம் ஏறக்குறைய 355 கி.மீ. சில இணையதளங்களில் 191 என்று இருக்கும்; அது கடல் மைல் கணக்கு. 220 என்றிருந்தால் சாதாரண மைல். ஆனால் 'பறக்கும் நேரம் 57 நிமிடம்' என்று போட்டிருப்பதை நம்பி எதையும் திட்டமிடாதீர்கள். மணிக்கு 800 கி.மீ. என்று ஜெட் வேகத்தில் வகுத்து, ஏற இறங்க அரை மணி கூட்டினால் வரும் எண் அது. இந்தத் தடத்தில் ஓடுவது ஏடிஆர் 72 என்ற புரொப்பெல்லர் விமானம். அதன் வேகம் 500 கி.மீ. வாக்கில்தான், அப்படியே பறந்தாலும் 43 நிமிடம். டிக்கெட்டில் இருக்கும் ஒன்றேகால் மணி நேரமோ சக்கரத்துக்கு அடியிலிருந்து கட்டையை எடுப்பதில் தொடங்கி, அங்கே போய் மறுபடி கட்டை வைப்பது வரை. ஓடுபாதைக்கு ஊர்வது, வரிசையில் நிற்பது, மேலேறுவது, இறங்கத் திரும்புவது எல்லாம் அதில் அடக்கம். எதிர்க்காற்று 30 கி.மீ. வேகத்தில் அடித்தாலும் மூன்று நிமிடம்தான் கூடும். தாமதம் பெரும்பாலும் தரையில்தான். இரண்டு நாட்டுக்கும் ஒரே கடிகாரம் என்பதால் சேரும் நேரத்திலிருந்து புறப்படும் நேரத்தைக் கழித்தாலே பயண நேரம் தெரிந்துவிடும்.

*

மேலே நீங்கள் சொன்ன கணக்கு சரி அண்ணா. விமானத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஏடிஆரில் பயணிகள் ஏறுவது பின்வாசல் வழியாக. தலைக்கு மேலுள்ள பெட்டி சிறியது. ஏழு கிலோவுக்குள் இருந்தாலும் கெட்டியான டிராலிப் பெட்டி அதில் நுழையாது. படிக்கட்டருகிலேயே வாங்கிச் சரக்கறையில் போட்டுவிடுவார்கள். அதற்கு முன் பவர் பேங்க், மருந்து, பாஸ்போர்ட்டைக் கையில் எடுத்துக்கொள்ளுங்கள். பவர் பேங்க் சரக்கறைக்குப் போகவே கூடாது. புரொப்பெல்லருக்கு நேரான வரிசைகளில் இரைச்சல் காதைத் துளைக்கும், பின்னால் குறைவு. இறக்கை மேலே இருப்பதால் ஜன்னலை மறைக்காது. போகும்போது வலப்பக்கம் கேளுங்கள். வானம் தெளிவாக இருந்தால் கரை கூடவே வரும். கோடியக்கரையிலிருந்து பலாலி ஏறக்குறைய 60 கி.மீ.தான், ஏழெட்டு நிமிடத்தில் பாக்கு நீரிணை முடிந்துவிடும்.

*

பலாலியில இறங்கினா யாழ்ப்பாண ரவுணுக்கு 16 கிலோமீற்றர் அளவுதான், அரை மணித்தியாலம் போதும். கொழும்பால வாறதோட ஒப்பிட்டுப் பாருங்கோ. சென்னையிலயிருந்து கொழும்பு விமான நிலையம் இருக்கிற கட்டுநாயக்கா 640 கிலோமீற்றர் பறப்பு, பிறகு புத்தளம், அநுராதபுரம், வவுனியா எண்டு பஸ்ஸில ஏழெட்டு மணித்தியாலம். 2019 நவம்பரில தொடங்கின சென்னை–பலாலி சேவை 2020 மார்ச்சில நிண்டு, 2022 டிசம்பரிலதான் திரும்ப வந்தது. அந்த இடைவெளியில சனம் பட்ட அலைச்சல் கொஞ்சமில்லை. ஐப்பசி, கார்த்திகையில மழை இறுகினா விமானம் இறங்க ஏலாமல் திரும்பிப் போகவும் கூடும். கலியாணம், அந்தியேட்டி (செத்தவைக்குச் செய்யிற சடங்கு) எண்டு வாறவை ஒரு நாள் முந்தி வாறது நல்லது.

*

மதுரை, கோவையிலிருந்து சென்னை வந்து மாறுகிறவர்கள் கவனத்துக்கு: தூரம் குறைவென்றாலும் இது வெளிநாட்டுப் பயணம். விமானம் புறப்படுவதற்கு நெடுநேரம் முன்பே செக்-இன் கவுன்டரை மூடிவிடுவார்கள். இரண்டும் தனித்தனி டிக்கெட் என்றால் பெட்டியைப் பெல்ட்டில் எடுத்து, வெளியே வந்து, மறுபடி கொடுத்து, குடியேற்றச் சோதனை வரிசையில் நிற்க வேண்டும். முதல் விமானம் பிந்தினால் இரண்டாவது டிக்கெட்டுக்கு யாரும் பொறுப்பேற்க மாட்டார்கள். நடுவில் நான்கு மணி நேரமாவது விடுங்கள்.