பின்னோக்கி ஓட்டிய துகள்கள்: என் அனுபவம்

கடலில் மிதந்து வந்த ஒரு பொருள் எங்கிருந்து புறப்பட்டிருக்கும் என்பதை அறிய, பைத்தான் நிரல்மொழியில் இயங்கும் பார்சல்ஸ் மென்பொருளைக் கொண்டு, நீரோட்டத்தோடு நகரும் கற்பனைத் துகள்களைக் காலத்தில் பின்னோக்கி ஓட்டியபோது எனக்கு நேர்ந்ததைப் பகிர்கிறேன்.

கணிப்பு ஒவ்வொரு முறையும் தாண்டும் கால அளவான காலப்படிக்கு எதிர்க்குறி இட்டால் போதும் என்று எண்ணியிருந்தேன். முதல் ஓட்டமே பிழைச் செய்தியோடு நின்றது. முன்னோக்கி ஓட்டிய பழக்கத்தில், நீரோட்டத் தரவு தொடங்கும் நாளிலேயே துகள்களை விட்டிருந்தேன்; அதற்கு முந்தைய நாள்களுக்குத் தரவே கிடையாது. பொருள் கிடைத்த நாளில் விட்டதும் பாதைகள் தெளிவாக விழுந்தன. அவற்றை அப்படியே நம்பிவிட்டேன்.

மூத்த ஆய்வாளர் ஒருவர் சொன்ன சோதனைதான் கண்ணைத் திறந்தது. துகள்களை 30 நாள்கள் முன்னோக்கி ஓட்டி, அவை சேர்ந்த இடங்களிலிருந்து அதே 30 நாள்களுக்குப் பின்னோக்கி ஓட்டச் சொன்னார். நடுக்கடலில் விட்டவை ஏறத்தாழ புறப்பட்ட இடத்துக்கே திரும்பின. ஆகவே துகளின் அடுத்த இடத்தைக் கணக்கிடும் நான்காம் படி ரங்கே-குட்டா முறையில் குறையில்லை. கரையோரத் துகள்கள் பல திரும்பவில்லை. அவற்றுள் ஒன்றின் அட்சரேகையையும் தீர்க்கரேகையையும் படிக்குப் படி அச்சிட்டுப் பார்த்தேன். வரிக்கு வரி ஒரே எண்கள். நீரோட்டத் தரவில் நிலமாகக் குறிக்கப்பட்ட கட்டங்களில் நீரின் வேகம் சுழியம் என்பதால், உள்ளே சிக்கிய துகளை எந்தக் குறியாலும் வெளியே இழுக்க முடியாது.

தரவில் பிடிபடாத சிறு சுழல்களுக்கு ஈடாக நாம் சேர்க்கும் தற்போக்கு அசைவும், அதாவது எத்திசையிலும் தற்செயலாக நகர்த்துவதும், அப்படியே திருப்ப முடியாதது. கறந்த பால் மடி புகாது. பின்னோக்கி ஓட்டினாலும் துகள்கள் ஒன்று கூடாமல் மேலும் பரவவே செய்யும். மேற்பரப்பு நீர் வந்து குவியும் இடங்களில் இது இன்னும் கடினம், ஏனெனில் பல திசைகளிலிருந்து வந்தவை அங்கே சேர்வதால், பின்னோக்கிச் செல்லும்போது அருகருகே விட்ட இரு துகள்கள்கூட வெகு தொலைவுக்குப் பிரிந்துவிடும். பொருளின் எவ்வளவு பகுதி நீருக்கு மேலே நின்று காற்றை வாங்கியது என்பதும் பாதையை மாற்றும்.

எனவே ஒற்றைத் துகளை விட்டுவிட்டு, பொருள் கிடைத்த இடத்தைச் சுற்றிலும் அடுத்தடுத்த சில நாள்களிலுமாக 1,000 துகள்களை விட்டு, அவை எங்கெங்கே அடர்ந்தன என்று வரைந்தேன். மூன்று பரப்புகள் தென்பட்டன. ஒவ்வொன்றிலிருந்தும் முன்னோக்கி ஓட்டிப் பார்த்தபோது, முதலில் நான் நம்பிய பாதை சுட்டிய பரப்பிலிருந்து ஒரு துகள்கூட பொருள் கிடைத்த இடத்தை எட்டவில்லை.