ரத்தத்தைச் சோதித்தால் தற்கொலை எண்ணம் தெரிந்துவிடுமாம்!

கரிசல்காரி: நேற்று ஒருவர் இங்கே எழுதியது: "செரோடோனின் என்ற மூளை ரசாயனம் குறைந்தால் தற்கொலை எண்ணம் வரும், ரத்தத்திலேயே கண்டுபிடிக்கலாம்." அதற்கு எத்தனை கைதட்டல்! ரத்தத்தில் ஓடும் செரோடோனின் பெரும்பாலும் குடலில் சுரந்து தட்டணுக்களில் தங்குவது. மூளையில் என்ன நடக்கிறது என்பதை அது எப்படிச் சொல்லும்? எந்த லேபில் இந்த டெஸ்ட் எடுக்கிறார்கள்?

ஆய்வகத்தான்: எழுதியது நான்தான். பெயரைச் சொல்லியே கேட்கலாம், பயப்பட வேண்டாம். 1976, ஸ்வீடனின் ஸ்டாக்ஹோம், மனநல ஆய்வாளர் மேரி ஆஸ்பெர்க். மனச்சோர்வு நோயாளிகள் 68 பேர். செரோடோனின் சிதைந்து வரும் பொருளை அளந்தார்கள். அளவு குறைந்த 20 பேரில் 8 பேர் தற்கொலைக்கு முயன்றவர்கள். மற்ற 48 பேரில் 7 பேர்தான். 40 சதவீதம் எங்கே, 15 சதவீதம் எங்கே?

கரிசல்காரி: அளந்தது ரத்தத்தில் அல்ல, முதுகுத்தண்டில் ஊசி போட்டு எடுத்த நீரில். அதை ஏன் விழுங்கிவிட்டீர்கள்? சரி, அந்த 20 பேரில் மீதி 12 பேர் முயலவே இல்லையே, அவர்களை எங்கே ஒளித்து வைத்தீர்கள்?

ஆய்வகத்தான்: 20ல் 8. திரும்பவும் எழுதுகிறேன், 20ல் 8. லேப் வாசலையே மிதிக்காதவர்கள் எனக்குப் பாடம் எடுக்க வேண்டாம். கார்டிசோலுக்கு, அதாவது மன அழுத்த ஹார்மோனுக்கு வாருங்கள். இரவில் டெக்சாமெதசோன் என்ற ஸ்டீராய்டு மாத்திரை கொடுத்தால் மறுநாள் கார்டிசோல் இறங்க வேண்டும். அப்படிச் சோதித்த மனச்சோர்வு நோயாளிகளை அமெரிக்காவில் 15 வருடம் கவனித்து 2001ல் வெளியிட்டார்கள். இறங்காதவர்களிடம் தற்கொலை அபாயம் 26.8 சதவீதம், இறங்கியவர்களிடம் 2.9. இதற்கு என்ன சொல்வீர்கள்?

மேலூர் மைந்தன்: தைராய்டு பற்றிய பழைய விவாதத்திலும் இவர் இப்படித்தான் எண்களை அடுக்கினார். நான் கேட்ட கேள்விக்கு இன்றுவரை பதில் இல்லை.

ஆய்வகத்தான்: தைராய்டுக்கு அங்கேயே பதில் போட்டாயிற்று. படிக்கத் தெரியாவிட்டால் நான் பொறுப்பல்ல.

மட்டக்களப்பான்: எங்கட நாட்டுக் கதையையும் கொஞ்சம் கேளுங்கோ. 1995 அளவில இலங்கையின்ர தற்கொலை விகிதம் உலகத்திலேயே மேல் வரிசையில இருந்தது. கொடிய பூச்சிமருந்துகளை ஒவ்வொன்றாய்த் தடை செய்தார்கள். 2005 ஆகும்போது விகிதம் பாதியாய்க் குறைஞ்சு போச்சு. பத்து வருசத்தில சனத்தின்ர ஹார்மோன் மாறினதோ?

ஆய்வகத்தான்: கைக்கு எட்டாமல் செய்தால் சாவு குறையும், யார் மறுத்தது? ஆனால் யாருக்கு அந்த எண்ணம் வருகிறது என்பதுதான் இங்கே கேள்வி. ஸ்கிசோஃப்ரினியா என்ற மனச்சிதைவு நோயாளிகளிடம் தற்கொலை முயற்சியைக் குறைக்க க்ளோசாபின் என்ற மாத்திரைக்கு 2002ல் அமெரிக்கா அனுமதி கொடுத்தது. மாத்திரை உடம்பில்தானே வேலை செய்கிறது?

கரிசல்காரி: உடம்புக்குச் சம்பந்தமே இல்லை என்று நான் எங்கே சொன்னேன்? என் வாயில் வார்த்தையைத் திணிக்காதீர்கள். அந்த 12 பேர்? மற்றப் பக்கம், அளவு நன்றாக இருந்தும் முயன்ற அந்த 7 பேர்? உங்கள் டெஸ்டை நம்பியிருந்தால் அந்த 7 பேரையும் "ஒன்றுமில்லை, வீட்டுக்குப் போங்கள்" என்று அனுப்பியிருப்பீர்கள்.

தாமரை: நீங்கள் இருவரும் எண்ணிக்கொண்டே இருங்கள். என் நாத்தனாருக்குப் பிரசவமாகி பத்தாம் நாள் பிள்ளையைத் தொடவே மாட்டேன் என்றாள். "செத்துப்போகலாம் போல இருக்கு அண்ணி" என்றாள். வீட்டில் திருஷ்டி என்றார்கள். பிள்ளை பிறந்ததும் ஈஸ்ட்ரோஜனும் புரோஜெஸ்டிரோனும் சில நாளிலேயே தலைகுப்புற இறங்குவதைப் பற்றி ஒருவரும் வாயே திறக்கவில்லை. சண்டை போட்டு மனநல மருத்துவரிடம் கூட்டிப்போனோம். இதைப் படிக்கிற யாருக்காவது அப்படி இருந்தால் 14416க்கு, இந்திய அரசின் டெலி மானஸ் மனநல உதவி எண்ணுக்கு, இப்போதே கூப்பிடுங்கள். தமிழிலேயே பேசலாம்.

ஆய்வகத்தான்: பார்த்தீர்களா, ஹார்மோன்! தாமரை அம்மா என் பக்கம்.

தாமரை: நான் யார் பக்கமும் இல்லை. எல்லாத் தாய்க்கும்தான் ஹார்மோன் இறங்குகிறது, எல்லாருக்குமா இப்படி வருகிறது? அவளுக்கு ரத்தம் எடுத்துப் பார்த்துக் கண்டுபிடிக்கவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து கேட்டோம், சொன்னாள்.

மேலூர் மைந்தன்: தைராய்டு கேள்வி இன்னும் அப்படியே நிற்கிறது.

ஆய்வகத்தான்: உங்களுக்கு வேறு வேலை இல்லையா ஐயா? 20ல் 8. மறுக்க முடிந்தால் மறுங்கள்.

கரிசல்காரி: 12.