சமுதாயக் கூடத்தை மூடி நெல் அடுக்கலாமா?

குறுவைக்காரன்:
நம் ஊர் சமுதாயக் கூடத்தை மூடிவிட்டு, நேரடி நெல் கொள்முதல் நிலையத்துக்குக் கொடுத்துவிடலாம் என்று ஊராட்சியில் பேச்சு ஓடுகிறது. எனக்குச் சம்மதம்தான். குறுவை அறுவடையும் ஐப்பசி மழையும் ஒன்றாக வருகிற பூமி இது. சாலையோரம் அடுக்கிய மூட்டையில் நெல் முளைத்து நிற்பதைப் பார்த்தவனுக்குத்தான் அந்த வயிற்றெரிச்சல் தெரியும். ஈரப்பதம் 17 சதவீதத்தைத் தாண்டினால் நெல்லை எடுக்க மாட்டார்கள். கூடமோ பாதி நாள் பூட்டியே கிடக்கிறது. வசதி உள்ளவர்கள் கல்யாணத்தை மன்னார்குடியில் வைத்துக்கொள்கிறார்கள். அப்புறம் யாருக்காக இந்தக் கட்டடம்?

அல்லிக்குளம்:
மன்னார்குடி போக முடியாதவர்களுக்காகத்தான் அண்ணே. மண்டப வாடகைக்குக் கடன் வாங்கி, அதை அடைக்க நகையை அடகு வைத்த வீடுகள் நம் தெருவிலேயே இருக்கின்றன. காதுகுத்து, மஞ்சள் நீராட்டு, கருமாதி எல்லாம் எங்களுக்கு அந்தக் கூடத்தில்தான். மகளிர் குழு கூடுவதும் அங்கேதான். இன்னொன்றையும் சொல்ல வேண்டும். எந்தத் தெருக்காரர் என்று கேட்காமல் சாவி கொடுக்கிற இடம் ஊரில் அது ஒன்றுதான். கோயில் மண்டபத்தில் அப்படிக் கிடைக்குமா என்று எல்லோருக்கும் தெரியும்.

2018 நவம்பர் 16 விடியுமுன் கஜா வந்தபோது கீற்று வீடுகளில் இருந்தவர்கள் எங்கே படுத்தோம்? அடுத்த புயலுக்கு நெல் மூட்டை மேலா படுப்பது?

சைட் இன்ஜினியர்:
இரண்டு பேரும் கட்டடத்தின் நிலைமையைப் பேசவே இல்லை. கூரையின் அடிப்பக்கம் காரை பெயர்ந்து கம்பி தெரிகிறது. கம்பி துருப்பிடித்தால் பருக்கும், பருத்தால் கான்கிரீட்டைத் தள்ளிவிடும். நம் களிமண் கோடையில் சுருங்கி மழையில் உப்புவதால் சுவரிலும் விரிசல். உறுதித்தன்மையைச் சோதிக்காமல் அதில் மனிதர்களையும் படுக்க வைக்கக் கூடாது, மூட்டையையும் அடுக்கக் கூடாது.

குறுவைக்காரன்:
நான் சொல்வதும் அதுதானே தம்பி. ஓட்டைக் கட்டடத்துக்குச் செலவு செய்யப் பணம் எங்கே? அதே இடத்தில் புதிதாகக் கிடங்கு கட்டட்டும்.

வெண்ணாறு:
கிடங்கு வேண்டும், மறுக்கவில்லை. ஆனால் இந்த இடம் போதாது. அறுவடை உச்சத்தில் ஒரே நாளில் ஆயிரம் மூட்டை வரை பிடிக்கிறார்கள். ஒரு மூட்டை 40 கிலோ என்றால் 40 டன். லாரி இரண்டு நாள் வராவிட்டால் கூடம் நிரம்பி, மூன்றாம் நாள் மூட்டை மறுபடியும் சாலைக்குத்தான் வரும். நெல் நனைவதற்குக் காரணம் பிடித்த மூட்டையை லாரியில் ஏற்றி அனுப்புவது தாமதமாவதும், காயப்போடக் களம் இல்லாததும். அதைக் கேட்காமல் கூடத்தைக் கேட்பது எளிது என்பதால் கேட்கிறோம். அந்தத் தெருவுக்குள் லாரி திரும்பக்கூட இடமில்லை.

சிங்கப்பூர்வாசி:
பணத்துக்கு வழி இருக்கிறது. ‘நமக்கு நாமே’ திட்டத்தில் மூன்றில் ஒரு பங்கு நாம் போட்டால் மீதியை அரசு தரும். இங்கே இருக்கிற நம் ஊர்ப் பிள்ளைகளிடம் நான் பேசுகிறேன். கழிப்பறையும் பாத்திரம் கழுவ ஒரு தொட்டியும் சேர்த்துக் கட்டினால் நடுத்தரக் குடும்பங்களும் திரும்பி வரும், வாடகையும் வரும்.

குறுவைக்காரன்:
வெளிநாட்டிலிருந்து சொல்வது சுலபம். தேருக்கு வசூலித்ததே இழுத்துக்கொண்டு கிடக்கிறது. தை அறுவடைக்குள் வேலை தொடங்காவிட்டால் நான் கொள்முதல் நிலையம் என்றே கையெழுத்துப் போடுவேன்.

அல்லிக்குளம்:
போடுங்கள் அண்ணே, அது உங்கள் உரிமை. ஆனால் நவம்பர் 1 கிராம சபைக்கு வந்துவிட்டுப் போடுங்கள். கூடத்துக்குப் பழுதுபார்ப்பு என்று ஒரு தீர்மானம், புறம்போக்கில் களமும் கொட்டகையும் என்று இன்னொரு தீர்மானம். இரண்டாவதை நீங்கள் முன்மொழிந்தால் எங்கள் குழுவில் அத்தனை பேரும் கை தூக்குகிறோம். நாங்களும் நடவுக்குப் போகிறவர்கள்தான்.

சைட் இன்ஜினியர்:
அதற்கு முன் உறுதித்தன்மைச் சோதனைக்கு ஒன்றிய அலுவலகத்தில் மனு கொடுங்கள். மனுவை நான் எழுதித் தருகிறேன். அறிக்கை வரும் வரை கூரைக்குக் கீழே பந்தியும் வேண்டாம், முன்வாசலில் கொட்டகை போட்டுக்கொள்ளுங்கள்.