பம்புசெட்டில் புங்க எண்ணெய்: கலக்கலாமா, கூடாதா?

கல்லல் சம்சாரி: மூன்று மாதமாக எங்கள் கிணற்று டீசல் பம்புசெட்டில் ஐந்தில் ஒரு பங்கு புங்க பயோடீசல் கலந்து ஓட்டுகிறேன். கரும்புகை தணிந்துவிட்டது. கண்மாய்க் கரை முழுக்கப் புங்கங்காய் உதிர்ந்து மட்குகிறது. நாமோ கடல் கடந்து வரும் எண்ணெய்க்குக் காசைக் கொட்டுகிறோம். 1900 பாரிஸ் பொருட்காட்சியில் டீசல் இன்ஜின் கடலை எண்ணெயில் ஓடியதே!

காரைக்குடிப் பட்டறை: அண்ணே, அந்த இன்ஜின் வேறு, இன்றைய இன்ஜினில் டீசலைத் தூவும் நாசில் வேறு. போன மார்கழியில் ஒரு டிராக்டர் வந்தது. செக்கில் ஆட்டிய இலுப்பை எண்ணெயை அப்படியே டீசலோடு ஊற்றியிருந்தார்கள். பில்டரைக் கழற்றினால் உள்ளே உறைந்த நெய். விரலால் வழித்துப் போட்டேன். நாசில் நுனியெல்லாம் கரி. உழவு நேரத்தில் பத்து நாள் வண்டி முடங்கியது.

கல்லல் சம்சாரி: அது பச்சை எண்ணெய், தம்பி, டீசலைவிட ஏறத்தாழப் பத்து மடங்கு கெட்டி. மெத்தனாலும் காஸ்டிக் சோடாவும் சேர்த்துச் சூடாக்கினால் கிளிசரின் அடியில் இறங்கிவிடும். மேலே நிற்பதைக் கழுவி, ஈரம் போக்கினால்தான் பயோடீசல்.

காரைக்குடிப் பட்டறை: பழைய விதையில் அமிலம் ஏறியிருந்தால் காஸ்டிக் பட்டதும் சோப்பாகிவிடுமே? மெத்தனால் பார்வையையே பறிக்கும் விஷம், சட்டென்று தீயும் பிடிக்கும். கொல்லைப்புறத்தில் வைத்துச் செய்யாதீர்கள், கும்பிட்டுக் கேட்கிறேன்.

தேவகோட்டைத் தரிசு: காட்டாமணக்கை மறந்துவிட்டீர்களா? பயோடீசலுக்கு விதை தரும், தரிசில் தானாகக் காய்க்கும் என்றார்கள். அப்பா இரண்டு ஏக்கரில் நட்டார். தண்ணீர் இல்லாமல் செடி நின்றதே தவிரக் காய்க்கவில்லை, வேரோடு பிடுங்கினோம். 2017க்குள் 20 சதவீதக் கலப்பு என்றது மத்திய அரசின் 2009ஆம் ஆண்டு உயிரி எரிபொருள் கொள்கை. 2018இல் வந்த கொள்கை, 2030க்குள் டீசலில் 5 சதவீதம் என்று இறங்கிவிட்டது. அந்த இரண்டு ஏக்கருக்கு யார் பதில் சொல்வது?

கல்லல் சம்சாரி: உங்கள் அப்பாவின் இழப்பு நியாயமான கோபம். ஆனால் நான் எதையும் புதிதாக நடச் சொல்லவில்லை. நிற்கிற மரத்தில் உதிர்வதைப் பொறுக்கச் சொல்கிறேன். நான்கு கிலோ விதைக்கு ஒரு லிட்டர் எண்ணெய் கிடைக்கிறது. காய்ச்சும் வேலை பரிசோதனை வசதியுள்ள பொதுக்கூடத்தில் நடக்கட்டும், அதை ஒப்புக்கொள்கிறேன்.

காரைக்குடிப் பட்டறை: அப்படியென்றால் பம்புசெட்டோடு நிறுத்துங்கள், புது வண்டிகளுக்கு வேண்டாம். பயோடீசல் டேங்கின் பழைய அழுக்கைக் கரைத்துக் கொண்டுவரும். பில்டர் மாற்றினீர்களா?

கல்லல் சம்சாரி: இரண்டு முறை. ரப்பர் குழாயும் உப்பியிருந்தது, அதையும் மாற்றிவிட்டேன்.

காரைக்குடிப் பட்டறை: ஞாயிற்றுக்கிழமை வருகிறேன், நாசிலைக் கழற்றிப் பார்த்துவிடுவோம்.