200 யூரோ கையில குடுக்கறேங்கறார், வாங்கலாமா?

முத்தியால்பேட்டை_பொண்ணு:
அக்கா, அண்ணா, அவசரம். நான் பாண்டி, இப்ப பிரான்ஸ்ல, பாரிஸ் பக்கம் கார்ழ்ல இருக்கேன். விவாகரத்தான வீட்டுக்காரர், எங்க பையன் செலவுக்கு மாசம் 200 யூரோ கையில குடுத்துடறேன், கோர்ட்டு வேண்டாங்கறார். திங்கக்கிழமைக்குள்ள பதில் சொல்லணுமாம். வாங்கலாமா? தூக்கமே இல்ல.

லாசுப்பேட்டை_வாசி:
200 எந்த மூலைக்கு? 500 கேளுங்க. பையனுக்கு 5 வயசு ஆகலன்னா சாதாரணமா அம்மாகிட்டதான் விடுவாங்க, 1956 இந்து மைனர், காப்பாளர் சட்டத்துலயே இருக்கு. பாண்டி குடும்ப நீதிமன்றத்துல மனு போடுங்க.

குருசுக்குப்பம்_ராஜா:
கோர்ட்டுக்குப் போனா வக்கீலுக்குத்தான் லாபம். பெரியவங்கள வெச்சுப் பேசி முடிங்க. நான் வந்த புதுசுல சித்தப்பா வீட்டு சோஃபாலதான் படுக்கை. மார்க்கெட்டுல மூட்டை தூக்குனேன், குளிர்ல கை வெடிச்சு ரத்தம் வரும். எனக்கு யாரு 200 யூரோ குடுத்தா?

கடலூர்_ஓ.டி._மாமா:
பிரெஞ்சு பாஸ்போர்ட் மாப்பிள்ளைன்னா போதும், கண்ண மூடிக்கிட்டுப் பொண்ணு குடுத்தாங்க. எங்க ஊர் வரைக்கும் தரகருங்க அலைஞ்சாங்க. அப்பவே சொன்னேன், யாரு கேட்டா?

லாசுப்பேட்டை_வாசி:
மாமா, பாஸ்போர்ட்டு என்ன பண்ணுச்சு? உள்ளூர் மாப்பிள்ளைங்க மட்டும் ஒழுங்கா?

சார்செல்_அக்கா:
சண்டைய அப்புறம் வெச்சுக்கலாம். தங்கச்சி, விவாகரத்து எங்க ஆச்சு? அவர் எங்க இருக்கார்? பையனுக்கு என்ன வயசு? பாஸ்போர்ட் யார்கிட்ட?

முத்தியால்பேட்டை_பொண்ணு:
பாண்டி கோர்ட்டுல ஆச்சுக்கா. அவர் இங்க சேன் தெனில இருக்கார். பையனுக்கு 7. என்கிட்ட இருக்கான், சனி ஞாயிறு மாத்தி மாத்தி அவர்கிட்ட. பாஸ்போர்ட் அவர்கிட்ட. ஜூலை லீவுக்குப் பாண்டி கூட்டிட்டுப் போறாராம். அங்கேயே ஸ்கூல்ல சேத்துடலாம்னு மாமியார் போன்ல சொன்னது காதுல விழுந்துச்சு. கேட்டது பணத்தப் பத்திதானேன்னு இத எழுதல.

சார்செல்_அக்கா:
இதத்தான்மா முதல்ல எழுதியிருக்கணும்.

பணம்: பிள்ளை செலவுத் தொகைக்கு பிரெஞ்சு நீதி அமைச்சகத்தோட அட்டவணை ஒண்ணு இருக்கு, கட்டாயமில்ல, ஆனா நீதிபதிங்க பாப்பாங்க. ஒரே பிள்ளை, உங்கள மாதிரி ஏற்பாடுன்னா அவர் சம்பளத்துல அவர் பிழைப்புக்குன்னு விடற அடிப்படைத் தொகைய கழிச்சு மிச்சத்துல 13.5%. கைக்கு 1800 வருதுன்னா ஏறக்குறைய 155 யூரோதான். பையன் ஒரு வாரம் உங்ககிட்ட, ஒரு வாரம் அவர்கிட்டன்னா 9%. அதனால 200ன்னா சண்டை போடாதீங்க, 500 கேட்டு அவர விரட்டாதீங்க. ஆனா கையில வாங்காதீங்க. பேங்க்ல போடச் சொல்லுங்க. அவருக்கு வரி போடற வருமானத்துல கழியும், உங்களுக்கு வருமானமா காட்டணும். கான்தீன் (ஸ்கூல் சாப்பாடு), ஸ்கூல் டூர், கண்ணாடி செலவு ஆளுக்குப் பாதின்னு தனியா எழுதிக்குங்க. இதுல பேரம் பேசினா பலன் இருக்கு.

பையன் இங்க இருக்கறதால இங்கத்து குடும்ப நீதிபதிதான், உங்க ஊருக்கு பொந்துவாஸ் ஊர் கோர்ட்டு. ரெண்டு பேரும் ஒத்துக்கிட்டத எழுதிக் குடுத்து தீர்ப்பாக்கலாம். இந்த மனுவுக்கு வக்கீல் கட்டாயமில்ல, வேணும்னா வருமானத்தப் பொறுத்து அரசு உதவி கிடைக்கும். பாண்டி தீர்ப்ப பிரெஞ்சுல மொழிபெயர்த்து வெச்சுக்குங்க. தீர்ப்புல தொகை வந்தாத்தான் காஃப் (குடும்ப உதவித்தொகை குடுக்கற அரசு ஆபீஸ்) அவர்கிட்ட வசூல் பண்ணி உங்களுக்கு அனுப்பும்.

குருசுக்குப்பம்_ராஜா:
அப்பன் மகன ஊருக்குக் கூட்டிட்டுப் போறது தப்பா?

சார்செல்_அக்கா:
தப்பில்ல தம்பி, திரும்பி வந்தா. பிள்ளைக் கடத்தல் பத்தின 1980 ஹேக் ஒப்பந்தத்துல இந்தியா சேரல. அங்க நிறுத்திட்டா உயர் நீதிமன்றத்துல ஆட்கொணர்வு மனு போட்டு அலையணும். அப்பா கூடப் போற பிள்ளைக்கு அம்மா கையெழுத்து கேக்க மாட்டாங்க, பாஸ்போர்ட் போதும்.

தங்கச்சி, இன்னைக்கே அவருக்கு மெசேஜ்: "200க்குச் சம்மதம், பேங்க்ல போடுங்க, எழுதிக்கலாம். போறது வர்றது ரெண்டுக்கும் டிக்கெட் தேதி அனுப்புங்க." ஃபோன்ல பேசாதீங்க, எழுத்துல இருக்கட்டும். திரும்பற டிக்கெட் காட்டலன்னா நேரா ப்ரெஃபெக்த்யூர் (மாவட்ட அரசு ஆபீஸ்) போய் பையன் நாட்ட விட்டுப் போறதுக்கு ஆட்சேபம் குடுங்க. 15 நாள்தான் செல்லும், நீட்டிக்க முடியாது. அதுக்குள்ள பொந்துவாஸ்ல மனு போட்டு, ரெண்டு பேர் சம்மதம் இல்லாம வெளிய போகக்கூடாதுன்னு உத்தரவு கேளுங்க. ஆபீஸ் மூடியிருந்தா போலீஸ் ஸ்டேஷன்லயே குடுக்கலாம். பையன் பிறப்புச் சான்றிதழ், தீர்ப்பு, அந்த மெசேஜ் எல்லாம் கையில இருக்கட்டும்.